முதுகை நிமிர்த்தினார்கள், மூச்சை மறந்தார்கள்

பிறக்கும்போதே முதுகெலும்பில் கோளாறு உள்ள குழந்தைகளைப் பற்றிப் படிக்கப் போய், கடைசியில் நுரையீரலில் வந்து நின்றேன். அந்தக் கதைதான் இது.

கரு உண்டான முதல் இரண்டு மாதங்களுக்குள் முதுகெலும்பின் கட்டைகள் வடிவம் பெற்றுவிடுகின்றன. அப்போது ஒரு கட்டை பாதி மட்டும் உருவாகலாம். அல்லது சில கட்டைகள் ஒரு பக்கத்தில் பிரியாமல் ஒட்டியே இருந்துவிடலாம். குழந்தை வளரும்போது ஒரு பக்கம் நீளும், மறுபக்கம் நீளாது. முதுகு வளைந்துவிடும். (இதயமும் சிறுநீரகமும் உருவாகத் தொடங்குவதும் அதே வாரங்களில்தான். அதனால் இந்தக் குழந்தைகளுக்கு அவற்றையும் ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள்.)

1911-ல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ் என்ற மருத்துவர், காசநோயால் சிதைந்த முதுகெலும்புக் கட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்தார். சில ஆண்டுகளில் பக்கவாட்டு வளைவுக்கும் அதே வழி வந்தது. 1928-ல் ஆஸ்திரேலியாவில் ராயில் என்பவர் குறைக்கட்டையையே வெட்டி எடுத்தார். ஆனால் பக்கத்திலேயே தண்டுவடம் இருக்கிறதே, கத்தி கொஞ்சம் தவறினாலும் கால்கள் போய்விடும். அதனால் பல காலம் ஒட்டவைப்பதே பொது வழியாக இருந்தது. சீக்கிரம் ஒட்டிவிடு, குட்டையானாலும் நேராக இருக்கட்டும் என்பதுதான் கொள்கை.

நியாயம்தானே என்று நானும் நினைத்தேன். ஆனால் ஒட்டிய எலும்பு வளராது. அதில் மாட்டியிருக்கும் விலா எலும்புக் கூடும் சரியாக விரியாது. நுரையீரலின் காற்றறைகள் வேகமாகப் பெருகுவதோ முதல் சில ஆண்டுகளில்! முதுகு நேராகிவிட்டது, உள்ளே நுரையீரலுக்குத்தான் இடமில்லை. 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சிறுவயதில் ஒட்டவைக்கப்பட்டவர்களில் மார்புப் பகுதி முதுகெலும்பு 18 செ.மீ. கூட எட்டாதவர்களுக்கு மூச்சுத்திறன் மிகக் குறைவாக இருந்ததைக் காட்டியது. சாதாரணமாக ஐந்து வயதிலேயே எட்டும் உயரம் அது.

இதை முன்பே உணர்ந்தவர் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகர மருத்துவர் ராபர்ட் கேம்ப்பெல். 1987-ல், விலா எலும்புகள் பல இல்லாமல், முதுகும் வளைந்து, வென்டிலேட்டரில் இருந்த ஒரு குழந்தை அவரிடம் வந்தது. அவரும் குழந்தை அறுவை மருத்துவர் மெல்வின் ஸ்மித்தும் எலும்பு முறிவுக்குப் பயன்படும் உலோகக் கம்பிகளையே விலா எலும்புகள் போல வைத்துப் பொருத்தினார்கள். குழந்தை பிழைத்தது. 1989-ல் அது விலாவில் மாட்டும், வளர வளர நீட்டக்கூடிய டைட்டானியக் கருவியாக மாறியது. அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது 2004-ல்தான். 15 வருடம்!

கஷ்டமும் குறையவில்லை. ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை கருவியை நீட்ட மறுபடி அறுவை, மறுபடி மயக்கமருந்து. கிருமித் தொற்றும் வரும். 2012-ல் ஹாங்காங் மருத்துவர்கள், வெளியிலிருந்தே காந்தத்தால் நீட்டும் கம்பியைப் பற்றி எழுதினார்கள். பெற்றோர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் உலோகத் துகள் உதிர்வது போன்ற சந்தேகங்களால் 2020-ல் பிரிட்டன் அதைச் சில காலம் நிறுத்திவைத்தது.

எல்லாக் குழந்தைக்கும் அறுவை தேவையில்லை. சில வளைவுகள் கூடுவதே இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக் கொண்டே இருக்கிறார்கள், கூடவே மூச்சையும்.