பாவாடையின் உயரம்

போலந்து மொழியில் 'பன்னா மரியா' என்றால் கன்னி மரியா. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ ஆறும் சிபோலோ ஓடையும் கூடுமிடத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரின் பெயரும் அதுதான். அந்நாட்டில் போலந்துக்காரர்கள் நிலைத்துக் குடியேறிய முதல் ஊர் அது. அங்குள்ள அமலோற்பவ அன்னை ஆலயம் அவர்களுடைய முதல் பங்குக் கோயில். ஊருக்கும் கோயிலுக்கும் பெண்ணின் பெயர். வரலாற்றில் நிறுவனராக நிற்பவர் லெயோபோல்ட் மோசிகெம்பா என்ற பிரான்சிஸ்கன் குரு.

அவர் மேல் சிலேசியாவைச் சேர்ந்தவர். பிரஷ்ய ஆட்சியிலிருந்த அந்தப் பகுதியில் வெள்ளமும் கொள்ளைநோயும் தானிய விலையேற்றமும் உழவர்களை வாட்டின. டெக்சாஸில் நிலம் கிடைக்கும் என்று அவர் எழுதிய கடிதங்களை நம்பி ஏறத்தாழ 100 குடும்பங்கள் கப்பலேறி, 1854 டிசம்பர் 3 அன்று கால்வெஸ்டன் துறைமுகத்தில் இறங்கின. கலப்பை, இறகு மெத்தை, ஊர்க் கோயிலின் சிலுவை எல்லாம் வாடகை மாட்டுவண்டிகளில் போயின. மனிதர்கள் பெரும்பாலும் நடந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஒரு ஓக் மரத்தடியில் முதல் திருப்பலி நடந்தது.

இந்த நடைப்பயணத்தைக் கண்ட டெக்சாஸ்காரர் ஒருவரின் நினைவுக்குறிப்பில் பெண்கள் வருகிறார்கள். அவர்களின் பாவாடை கணுக்காலுக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே இருந்ததாம். வயலில் குனிந்து நிமிர்பவளுக்கு ஏற்ற உயரம் அது. புதிய நாட்டில் அதுவே கேலிக்குரியதானது. மோசிகெம்பா சொந்த ஊருக்கு எழுதிய கடிதமொன்றில், இளம்பெண்ணுக்கு ஊர்ப் பாணி உடைகளைக் கொண்டுவர வேண்டாம், இங்குள்ளவர்கள் சிரிக்கிறார்கள், அது பாவத்துக்கும் வழியாகிறது என்று அறிவுரை சொல்கிறார். பார்ப்பவரின் கண்ணில் இருந்ததை உடுத்தியவளின் துணியில் ஏற்றிவைக்கும் வழக்கம் நமக்கும் புதிதல்ல. கூட்டம் முழுவதும்தான் அந்நியம். ஆனால் மாறவேண்டியதாகக் குறித்துச் சொல்லப்பட்டது அவளுடைய உடை.

அந்த நாட்களில் பலருக்கு வீடு என்பது புல் வேய்ந்த மண்குழி. சுற்றிலும் ஆளுயரப் புல், அதில் பாம்புகள். அந்தக் குழிக்குள்தான் அடுப்பெரிந்தது, குழந்தைகள் வளர்ந்தன. 1856இல் கல் ஆலயம் எழுந்தது. அதே ஆண்டு வறட்சியும் தொடங்கியது. அழைத்து வந்த குருவின் மேல் மக்களின் கோபம் திரும்ப, அவர் வெளியேறினார். 1891இல் டெட்ராய்ட்டில் இறந்தார். 1974இல் அவர் எச்சங்களைக் கொண்டுவந்து அந்த ஓக் மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். மரியாதை நியாயமானதே. ஆனால் அவர் போன பிறகும் அடுப்பை அணையாமல் காத்தவர்களுக்கு நினைவிடம் எது?

ஒன்று அவர்கள் பேச்சில் இருக்கிறது. 1868இல் பங்கில் பள்ளி தொடங்கப்பட்டது. செபப்புத்தகத்தில் இருந்தது ஏட்டுப் போலிஷ். இங்கே பல தலைமுறை தாண்டி நிலைத்ததோ சிலேசிய வட்டார வழக்கு. விமானம் வருமுன்னே தாய்நாட்டை விட்டவர்கள் அல்லவா? அதனால் விமானத்தை அவர்கள் ஏட்டுச் சொல்லால் அழைக்கவில்லை. பறத்தலைக் குறிக்கும் தங்கள் வினைச்சொல்லிலிருந்து 'ஃபுர்கோச்' என்று புதிதாகச் சொல் ஆக்கிக்கொண்டார்கள். ஏட்டில் இல்லாத மொழி வீட்டில்தான் கைமாற வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை யார் தலையில் விழுந்தது என்று தெரிந்தால், அதைக் காத்தவர்கள் யார் என்பதும் பெருமளவு விளங்கும்.

1875இல் மின்னல் தாக்கி ஆலயம் அழிந்தது. சில ஆண்டுகளில் மீண்டும் கட்டினார்கள். நிறுவனர், பங்குக்குருக்கள், மின்னல், மறுகட்டுமானம் என்றுதான் பங்கு வரலாறுகள் எழுதப்படுகின்றன. பெண்களோ பங்குப் பதிவேடுகளில் மணமகளாக, தாயாக, இறந்தவராக வரிக்கு வரி இருக்கிறார்கள். அந்தப் பதிவேடுகளிலிருந்தும் அடுப்படிப் பேச்சிலிருந்தும் தொடங்கினால், இதே ஆலயத்தின் வரலாற்றை வேறு விதமாக எழுதலாம்.