காற்றுக் கோபுரங்களின் நிழலில்

துபாய் என்றதும் வானை முட்டும் மாளிகைகளே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நகரின் கடற்கழி ஓரத்திலே பாஸ்தாக்கியா என்றொரு பழைய குடியிருப்பு உண்டு. சுங்கவரி தாளாமல், பாரசீகத்துப் பாஸ்தாக் வட்டாரத்து வணிகர்கள் நூறாண்டுகளுக்கு முன்பு இங்கே குடியேறினார்கள். பவளக் கல்லால் வீடு கட்டி, கூரைமேல் சதுரக் கோபுரம் எழுப்பினார்கள். நாற்புறமும் திறந்த அக்கோபுரம் எத்திசைக் காற்றையும் பிடித்துக் கீழறைக்கு இறக்கும்!

1980-களில் குடியிருப்பின் பாதி இடிபட்டது. அங்கேயே ஒரு வீட்டைப் புதுப்பித்து வாழ்ந்த ரெய்னர் ஓட்டர் என்ற பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் விடாமல் வாதாடினார். 1989-இல் வருகை தந்த இளவரசர் சார்லஸும் அவர் பக்கம் பேசவே, எஞ்சியது பிழைத்தது.

இன்று செப்பனிட்ட வீடுகளில் ஓவியக் கூடங்களும் தேநீர் விடுதிகளும் இருக்கின்றன. பழைய குடும்பங்களோ மின்சாரக் குளிர்ச்சியுள்ள புது வீடுகளைத் தேடி எப்போதோ போய்விட்டன. கோபுரங்கள் மட்டும் இன்னும் காற்றை எதிர்பார்த்து நிற்கின்றன. அவற்றின் கீழே படுத்துறங்கத்தான் ஆளில்லை.