காணாமல் போனவரா, காணாமல் ஆக்கப்பட்டவரா? – ஓர் ஆங்கில வினைச்சொல்

'டிஸப்பியர்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு அகராதி முதலில் தரும் பொருள் 'மறைதல், கண்ணுக்குத் தெரியாமற் போதல்' என்பதாகும். வாவியில் படிந்த காலைப்பனி வெயிலேறியதும் மறைவதற்கும், மேசையில் வைத்த பேனை காணாமற் போவதற்கும் இந்த ஒரே சொல்தான். இலக்கணப்படி இது செயப்படுபொருள் குன்றிய வினை. மறைவது தானாக நடக்கிறது. மறைத்தவர் என்று எவரும் வாக்கியத்தில் இல்லை.

1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவத்தினர் கொண்டு சென்றனர். அவர்கள் திரும்பி வரவில்லை. இதை 'தே டிஸப்பியர்ட்' என்று எழுதினால், பேனை தொலைந்ததற்கும் இதற்கும் இலக்கணத்தில் வேறுபாடே இராது.

அதனால்தான் மனித உரிமை அறிக்கைகளில் 'தே வேர் டிஸப்பியர்ட்' என்ற வடிவத்தைக் காண்கிறோம். பாடசாலையில் எழுதியிருந்தால் ஆசிரியர் சிவப்புக் கோடு போட்டிருப்பார். ஆனால் இது பிழையல்ல. ஜோசப் ஹெல்லர் 1961 இல் வெளியிட்ட 'கேட்ச்-22' நாவலிலேயே ஒருவரை இன்னொருவர் 'டிஸப்பியர்' செய்வதாக வருகிறது. ஆர்ஜென்டீனாவின் இராணுவ ஆட்சிக்காலத்தில் (1976–1983) கொண்டு செல்லப்பட்டவர்களைக் குறித்த 'டெஸபரெசிடோஸ்' என்ற ஸ்பானியச் சொல் இந்தப் பயன்பாட்டை உலகெங்கும் பரப்பியது.

தமிழுக்கு இந்தச் சிரமம் குறைவு. 'போ' என்பதை 'ஆக்கு' என்று மாற்றினால் செய்தவர் ஒருவர் உண்டு என்பது தெரிந்துவிடும். எங்கள் தாய்மார் பதாகைகளில் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே எழுதுவது வெறும் சொல்லழகுக்காக அல்ல.

அரசு தேர்ந்தெடுத்த சொல் வேறு. 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது 'மிஸ்ஸிங்'. சண்டையில் தொலைந்த படையினரும் கடத்தப்பட்ட பொதுமக்களும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்குவர். (அதே 'மிஸ்' என்ற வினைதான் 'பிரிவால் ஏங்குதல்' என்றும் பொருள்படும்.)

2006 ஆம் ஆண்டின் ஐ.நா. சமவாயம் 'வலிந்து காணாமல் ஆக்குதல்' என்பதை அரசின் ஆட்களோ அரசின் ஆதரவு பெற்றவர்களோ செய்வதாகவே வரையறுக்கிறது. 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் கொண்டு செல்லப்பட்ட முஸ்லிம்கள் அந்த வரையறைக்குள் நேரடியாக வருவதில்லை; சமவாயத்தின் 3 ஆம் உறுப்புரையே அத்தகையவற்றையும் விசாரிக்கச் சொல்கிறது. அவர்களின் குடும்பங்களுக்கோ இழப்பு ஒன்றுதான்.

ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதுவோர் 'டிஸப்பியர்ட்' என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். யார், எங்கே, எந்தத் திகதியில் கொண்டு சென்றார்கள் என்பதை 'வோஸ் டேக்கன் பை' என்று தொடங்கி எழுதுங்கள். நீங்களே கையளித்திருந்தால் 'ஹேண்டட் ஓவர்' என்று எழுத வேண்டும். அதைக் 'கைது' என்று எழுதினால் பின்னர் விசாரணையில் குழப்பம் வரும்.

காலத்தையும் கவனியுங்கள். 1992 ஆம் ஆண்டின் ஐ.நா. பிரகடனத்தின் 17 ஆம் உறுப்புரைப்படி, கொண்டு செல்லப்பட்டவருக்கு என்ன நடந்தது என்பது மறைக்கப்படும் வரை இது தொடரும் குற்றம். கொண்டு சென்ற சம்பவத்துக்கு 'வோஸ்' சரி. மகனின் பெயரையும் பிறந்த திகதியையும் சொல்லும் இடத்தில் 'ஹிஸ் நேம் வோஸ்' என்று எழுதினால், வாசிப்பவர் அவரை இறந்தவராகவே எடுத்துக்கொள்வார். அங்கே 'இஸ்' என்று எழுதுங்கள்.