சாரம் பிரிக்காத வீடு

பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. முதல் அத்தியாயம் அச்சாகி வாசகர் கைக்குப் போய்விடும். கடைசி அத்தியாயம் எப்படி இருக்கும் என்பது எழுதுகிறவருக்கே தெரியாது. ஆனாலும் வாசகர் காசு கொடுத்தாகிவிட்டது. நானும் இப்படி முடியாத சரக்கைப் பல தடவை விற்றிருக்கிறேன். ஆகையால், சாரம் பிரிப்பதற்கு முன்பே வீட்டை விற்கிறவர்கள்மீது அதிகமாகக் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் லண்டனில் அந்தக் காரியத்தைச் செய்த ஆடம் சகோதரர்களின் கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்ட்ராண்டு வீதிக்கும் தேம்ஸ் நதிக்கும் நடுவே டர்ஹாம் மாளிகை என்று ஒன்று இருந்தது. டர்ஹாம் பிஷப்புகளின் பட்டணத்து வாசஸ்தலம் அது. எலிசபெத் ராணியின் காலத்தில் ஸர் வால்டர் ராலே அங்கே வசித்தார். பிற்காலத்தில் மாளிகை சீரழிந்தது. இடிபாடும் நதிச் சேறுமாகக் கிடந்த அந்த இடத்தை 1768-ல் ஆடம் சகோதரர்கள் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தார்கள். வருஷத்துக்கு 1,200 பவுன் வாடகை.

சகோதரர்களில் பெயர் பெற்றவர் ராபர்ட். இத்தாலிக்குச் சென்று ரோமானியக் கட்டிடக் கலையைக் கற்று வந்தவர். அட்ரியாடிக் கடலோரத்தில் டயோக்ளீஷியன் சக்கரவர்த்தி கட்டிய அரண்மனையின் இடிபாடுகளை ஆராய்ந்து, 1764-ல் பெரிய புத்தகமே போட்டவர். அப்பேர்ப்பட்டவருக்குச் சின்ன ஆசைகள் வருமா? நதிக்கரைச் சரிவில் வளைவு வளைவாக நிலவறைகளை எழுப்பி, அவற்றின் தலைமேல் வீதிகளையும் வரிசை வீடுகளையும் நிறுத்தத் திட்டமிட்டார். அந்தப் பேட்டைக்கு 'அடெல்ஃபி' என்று பெயர். கிரேக்க மொழியில் அதற்குச் சகோதரர்கள் என்று அர்த்தம். வீதிகளுக்கும் ராபர்ட், ஜான், ஜேம்ஸ், வில்லியம் என்று தங்கள் பெயர்களையே வைத்துக்கொண்டார்கள்.

நிலவறைகளை வெடிமருந்து வைக்கச் சர்க்காருக்கு வாடகைக்கு விடலாம் என்பது கணக்கு. ஆனால் நதியில் நீர் ஏறும்போது அந்த அறைகளும் நனைந்தன. நனைந்த வெடிமருந்து யாருக்கு வேண்டும்? அந்த வருமானம் போயிற்று. இனி எல்லா நம்பிக்கையும் மேலேயிருந்த வீடுகளின் விற்பனையில்தான். பிரபல நடிகர் டேவிட் காரிக் 1772-ல் ஒரு வீட்டில் குடியேறினார். நாலு பேர் அறிந்த மனிதர் முதலில் வந்துவிட்டால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்ற சூட்சுமம் அந்தக் காலத்திலும் தெரிந்ததுதான்.

ஆனால் அதே வருஷம் ஜூன் மாதத்தில் இடி விழுந்தது. நம் தேசத்தை மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகளில் சூதாடித் தோற்ற ஃபோர்டைஸ் என்ற பாங்கர் ஊரை விட்டே ஓடிப்போனார். அவருடைய பாங்கு விழுந்தது. பின்னால் வேறு பாங்குகளும் விழுந்தன. கடன் கொடுப்பார் இல்லை. தத்துவ ஞானி டேவிட் ஹியூம் தம் நண்பர் ஆடம் ஸ்மித்துக்கு எழுதிய கடிதத்தில், சகோதரர்கள் 3,000 வேலையாட்களை நிறுத்த வேண்டியிருக்கும் என்று வருந்தினார். இந்த விவேகமற்ற திட்டம் இத்தனை நாள் எப்படி ஓடியது என்பதே தமக்கு ஆச்சரியம் என்றும் எழுதினார்.

1773-ல் ராபர்ட் தாம் சேர்த்து வைத்திருந்த கலைப்பொருள்களை ஏலத்துக்கு விட்டார். அதுவும் போதவில்லை. அதே வருஷம் பார்லிமெண்டில் ஒரு சட்டம் நிறைவேறியது: அடெல்ஃபியை லாட்டரி போட்டு விற்கலாம்! சீட்டு ஒன்று 50 பவுன். மொத்தம் 4,370 சீட்டுகள். பரிசுகள் 108. ஒரு கூலியாள் வருஷம் முழுதும் உழைத்தாலும் ஒரு சீட்டின் விலை கிடைக்காத காலம் அது.

அடமானங்கள் என்ன ஆயின, குறையாக நிற்கும் வீடுகளின் கதி என்ன என்ற கேள்விகள் எழாமல் இல்லை. எல்லாவற்றையும் முடித்துத் தருவோம் என்று சகோதரர்கள் பகிரங்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. 1774-ல் குலுக்கல் நடந்தது. சகோதரர்கள் திவாலாகாமல் தப்பினார்கள்.

இந்த இடத்தில் நான் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4,370-ல் 108 போனால் 4,262. கட்டி முடித்து விற்கிறவன் நஷ்டத்துக்குத் தானே பொறுப்பு. முடியாத வீட்டை விற்கிறவன் அந்தப் பொறுப்பை வாங்குகிறவன் தோளில் பாதி இறக்கி வைக்கிறான். லாட்டரியோ, வெறுமனே ஆசைப்பட்டவர்கள் எல்லோர் தோளிலும் அதைப் பங்கு போட்டுவிட்டது. அவர்களாவது விரும்பிச் சீட்டு வாங்கியவர்கள். செங்கல் சுமந்தவர்களுக்காகப் பார்லிமெண்டு எந்தச் சட்டமும் செய்யவில்லை. அவர்களுடைய பெயரில் வீதியும் இல்லை.

அடெல்ஃபியின் நடுவரிசை வீடுகளை 1936-ல் இடித்துவிட்டார்கள். காரிக் வீட்டுக் கூரையின் சித்திர வேலைப்பாடு மட்டும் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. அழகில் குறை சொல்ல முடியாது. ராபர்ட் ஆடம் மோசக்காரர் அல்ல, மகா கலைஞர். தம் கனவை அவரே முதலில் நம்பினார். அதுதான் ஆபத்து. பொய் சொல்கிறவனிடம் நாம் ஜாக்கிரதையாக இருப்போம். நம்பிக்கையோடு பேசுகிறவனிடம் சாவிக்கு முன்பே பணத்தைக் கொடுத்துவிடுவோம்.

"கதையை எப்போது முடிப்பீர்கள்?" என்று வாசகர்கள் கேட்டு எழுதினால் முன்பெல்லாம் எனக்குச் சற்று எரிச்சல் வரும். இப்போது வருவதில்லை. முன்பணம் கொடுத்தவர் கேட்கிறார், கேட்க வேண்டியதுதான்.