சென்னையின் ஆமை நடை

தை பிறந்து பங்குனி முடியும்வரை சென்னைக் கடற்கரையில் நள்ளிரவில் ‘ஆமை நடை’ நடக்கிறது. முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமையின் தடத்தைத் தேடித் தன்னார்வலர்கள் கடலோரமாக நடக்கிறார்கள். வார இறுதிகளில் பொதுமக்களும் பிள்ளைகளும் உடன் வருகிறார்கள்.

இதன் தொடக்கம் 1970களில். ஆமை முட்டைகளை மனிதர்கள் எடுத்து விற்றார்கள். மிஞ்சியதை நாய்கள் தோண்டித் தின்றன. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த இளைஞர்களும் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்தார்கள். 1973-74 பருவத்தில் பொரிப்பகமும் அமைந்தது. அந்தக் குழுவில் இருந்த ஐ.ஐ.டி. மாணவர் சதீஷ் பாஸ்கர், பின்னாளில் இந்தியக் கடற்கரைகளை நடந்தே ஆராய்ந்து ஆமைகளைப் பற்றிய அடிப்படைத் தகவல்களைத் திரட்டினார். 1977இல் கடல் ஆமைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் பிறகு வனத்துறையும் பொரிப்பகங்களை நடத்தின. அந்தப் பணி நின்றபோது, 1988இல் கல்லூரி மாணவர்கள் சிலர் அதைக் கையிலெடுத்தார்கள். அவர்கள் தொடங்கியதுதான் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் அவர்களின் வழி.

நடையில் டார்ச் அடிக்கக் கூடாது. வெளிச்சம் கண்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். ஈர மணலில் டிராக்டர் சக்கரம் பதிந்ததுபோல் தடம் தெரிந்தால், அது முடியும் இடத்தில் கம்பியை மெல்லச் செருகிப் பார்ப்பார்கள். கம்பி சட்டென உள்ளே இறங்கும் இடமே முட்டைக்குழி. சுமார் ஒன்றரை அடி ஆழத்தில், பிங்பாங் பந்துபோன்ற நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் கிடக்கும். அவற்றைக் கையால் எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், குடுவை வடிவக் குழியில் புதைப்பார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் மிகும், குறைந்தால் ஆண்.

நள்ளிரவில் அத்தனை தூரம் நடப்பது சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் கடினம். அவர்களுக்கு வாய்ப்பது, குஞ்சுகளைக் கடலில் விடும் மாலை. குஞ்சு வெளிச்சத்தை நோக்கியே நகரும் என்பதால், தெருவிளக்கின் பக்கம் திரும்பிவிடாமல் தன்னார்வலர் ஒருவர் அலையோரம் விளக்கேந்தி வழிகாட்டுவார். ஓரமாக நிறுத்தப்பட்ட பிள்ளைகள் அவை அலையை எட்டும்வரை பார்த்திருப்பார்கள். தெருவிளக்கு ஓர் உயிரைத் திசைதிருப்பும் என்று சொல்ல அங்கே பாடப்புத்தகம் தேவைப்படுவதில்லை.

முட்டைகளைக் காப்பதற்காகத் தொடங்கிய நடை இப்படித்தான் வகுப்பறையாகவும் ஆனது. கடலுக்குள் போகும் பெண் குஞ்சு வளர்ந்து முட்டையிடக் கரைக்கு வரப் பத்தாண்டுக்கு மேலாகும். அதை வழியனுப்பிய ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதற்குள் கல்லூரிக்குப் போகும் வயதை எட்டியிருக்கும். 1988இல் இந்த நடையைக் கையிலெடுத்த மாணவர்களின் வயதும் அதுதான்.