பழைய நிரலைப் படித்தல்

குளுவாங்கைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில் ஆள்கணக்கையும் பால் எடையையும் கிராணியார் கைப்பட எழுதிவைத்த காலத்தை இவ்வூர்ப் பெரியவர்கள் அறிவர். அவர் ஓய்வுபெற்றபின் அப்பேரேட்டைக் கையிலெடுக்கும் புதியவருக்கு எண்கள் விளங்கும்; ஓரத்தில் இட்ட சிறு குறி எதற்கு என்பது விளங்காது. கணினி நிரல்களுக்கும் இதே நிலை நேர்ந்தது. ஆனால் பேரேடு அலமாரியில் உறங்கும்; நிரலோ தன்னை எழுதியவர் போனபின்பும் மாதந்தோறும் சம்பளம் போட்டுக்கொண்டே இருக்கும்.

1959ஆம் ஆண்டில் வடிவமைக்கத் தொடங்கப்பெற்ற கோபோல் என்னும் நிரல்மொழி வணிகக் கணக்குகளுக்கென்றே பிறந்தது. வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் அம்மொழியில் எழுதிய பழைய நிரல்கள் இன்றும் இயங்குகின்றன. சட்டம் மாறும்போதெல்லாம் நிரலில் சில வரிகள் கூடும். கையேட்டில் கூடுவது அரிது. நாளடைவில் கையேடு ஒன்றைச் சொல்லும், நிரல் வேறொன்றைச் செய்யும். இரண்டில் எது மெய்? நிரலே மெய், பணம் அதன்படிதான் கைமாறியிருக்கிறது. எனவே ஒரு நிறுவனம் தன் விதிகளைத் தானே அறியத் தன் நிரலைப் படித்தாக வேண்டும். இலட்சக்கணக்கான வரிகளை மனிதர் கண்ணால் படித்து முடிப்பது எளிதன்று. நிரலைப் படிக்க நிரலையே ஏவும் முயற்சி இவ்வாறு தோன்றியது.

இம்முயற்சியில் இந்தியாவுக்குப் பழைய பங்குண்டு. 1974இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் மருத்துவமனை நிருவாகத்துக்கான ஒரு நிரல்தொகுதியை, பர்ரோஸ் நிறுவனத்தின் நடுத்தரக் கணினிகளில் வழங்கிய கோபோலிலிருந்து அதே நிறுவனத்தின் சிறு கணினிகளில் வழங்கிய கோபோலுக்கு மாற்றித் தந்தது. வேலை நடந்ததோ மும்பையில், ஐசிஎல் 1903 என்னும் வேறொரு கணினியில். மொழி ஒன்று, வழக்கு இரண்டு; யாழ்ப்பாணத் தமிழைத் தஞ்சைத் தமிழாக்குவது போன்ற பணி.

பெரும் சோதனை 2000ஆம் ஆண்டையொட்டி வந்தது. துளையட்டையில் இருந்தவை 80 கட்டங்களே. இடத்தைச் சேமிக்க ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதிய வழக்கம், அட்டை மறைந்த பின்னும் நிரல்களில் தங்கிவிட்டது. அதைத் திருத்தும் வேலை இந்திய நிறுவனங்களுக்குப் பெருமளவில் வந்தது. திருத்துவது எளிது, எங்கே திருத்துவது என்று காண்பதே கடினம். நாளைக் குறிக்கும் மாறிக்கு 'நாள்' என்றே பெயரிருக்கும் என்பதில்லை. எழுதியவர் தம் மகளின் பெயரையும் இட்டிருக்கலாம்! ஆகவே நாள் என்று தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது எந்த மாறிக்குள் நகர்கிறது, அங்கிருந்து எந்தக் கோப்புக்குச் செல்கிறது என்று தடம் பற்றிச் செல்லும் கருவிகள் பயன்பட்டன. ஒரு தொகுதியின் உள்வரைபடத்தை அத்தொகுதியிலிருந்தே எடுத்துத் தரும் வேலை அது.

1990இல் எலியட் சிகோஃப்ஸ்கி, ஜேம்ஸ் கிராஸ் என்னும் இரு அறிஞர்கள் இத்துறையின் சொற்களை வரையறுத்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். நிரலில் உள்ளதை வேறு வடிவில் எழுதித் தருவது மறு ஆவணமாக்கம். நிரலுக்கு வெளியேயுள்ள துறையறிவையும் சேர்த்து அதன் கருத்தை உய்த்துணர்வது வடிவமைப்பு மீட்பு. இவ்விரண்டையும் அவர்கள் பிரித்துக் காட்டியது சாலச் சிறந்த பணியென்றே நாம் கருதுகிறோம். 'குறி 7 எனில் நூற்றுக்கு 2 கழிக்க' என்னும் கட்டளையைக் கருவி தெளிவாக எடுத்தெழுதும். ஏன் 7, ஏன் 2 என்பது நிரலில் இல்லை. கிராணியாரின் தலையில் இருந்தது.

இதே வேறுபாட்டைத் தமிழ்க் கணிமையிலும் காணலாம். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு உள்ளிட்ட பல மென்பொருள்களும் எழுத்துருக்களும் தமிழைத் திரைக்குக் கொணர்ந்தன. அக்காலத்தில் பொதுக் குறியேற்றம் இல்லை. எந்த எழுத்தை எந்த எண்ணில் வைப்பது என்பதை ஆளுக்கொரு வகையாக அமைத்தனர். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கோப்பில் இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அச்சொல் வெறும் பிதற்றல். அவ்வாறு தட்டெழுதிய பள்ளி ஆண்டுமலர்களும் விழாமலர்களும் எத்தனையோ! திஸ்கி என்னும் குறியேற்றம் மட்டும் பலர் திறந்த மன்றில் விவாதித்து அட்டவணையை வெளியிட்டு வளர்த்தது. எனவே அதிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவது ஒப்பீட்டளவில் எளிதாயிற்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைத் திஸ்கியிலும் பின்னர் யூனிகோடிலும் தர முடிந்தது இதனாலேயே. அட்டவணை இருப்பினும் வேலை முற்றும் எந்திரத்தனமானதன்று. 'கொ' என்பதைப் பழைய முறைகள் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்தன; யூனிகோடு ககரத்தை முன்வைத்து உயிர்க்குறியைப் பின்வைக்கிறது.

எழுத்துருவின் பெயரே தெரியாத கோப்பை என்செய்வது? அறிந்த அட்டவணைகள் ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்த்து, விளைவது தமிழா என்று கணினியே சோதிக்கலாம். இங்கேதான் ஆசிரியர்களுக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு: அச்சோதனைக்கு உதவுவது தொல்காப்பியர் வகுத்த மொழிமுதல், மொழியிறுதி இலக்கணம். புள்ளி பெற்ற எழுத்து சொல்லின் முதலில் வாராது. வல்லின மெய் இறுதியில் நின்றால் அடுத்த சொல் அதே இனத்தில் தொடங்க வேண்டும். 'பள்ளியைக் கட்டினர்' என்பதில் போல. தவறான அட்டவணையைப் பொருத்தினால் சில வரிகளுக்குள் விதிகள் உடைந்து குட்டு வெளிப்படும்.

ஆயினும் குளுவாங் மாவட்டத்துக் கோப்பொன்றை இச்சோதனைக்கு விட்டால் என்னாகும்? ஜொகூர், ரெங்கம், லாயாங் லாயாங் ஆகிய மூன்றும் பழைய மொழிமுதல் விதிக்குப் புறம்பானவை. சரியான அட்டவணையையே பொருத்தியிருந்தாலும் கருவி ஐயுறும். இவை ஊர்ப்பெயர்கள் என்று அதற்குச் சொல்லித்தர உள்ளூரார் ஒருவர் வேண்டும்.

இன்று செய்யறிவு மொழிமாதிரிகள் பழைய கோபோல் நிரலைப் படித்து ஒழுகிய நடையில் விளக்கம் எழுதித் தருகின்றன. பயன் பெரிதே, அச்சமும் உண்டு. பழைய கருவி தெரியாத இடத்தில் நின்றுவிடும். இதுவோ, 'ஏன் 7' என்னும் வினாவுக்கும் நம்பத்தக்க காரணமொன்றைப் புனைந்துவிடக் கூடும். அவ்விளக்கத்தை ஒப்புநோக்கத்தக்கவர், அந்நிரலோடு வாழ்ந்து இப்போது ஓய்வுபெறும் வயதிலுள்ள அலுவலரே. விழாமலரைத் தட்டெழுதிய அச்சகத்தாரும் அவ்வாறே. அவர்களைத் தேடிச் செல்லும் மாணவர் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: எந்த எழுத்துரு, எந்த ஆண்டு, அதில் இல்லாத ஸ்ரீ போன்ற எழுத்தை எந்த விசையில் ஒளித்துவைத்தீர்கள்?