சட்டத்துக்குப் பணிந்த தளபதி: ஜோஷுவா சேம்பர்லினின் அரசியல் வாழ்வு குறித்து

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படித்தவர்களுக்கு ஜோஷுவா லாரன்ஸ் சேம்பர்லின் (1828–1914) என்றதும் ஒரே ஒரு மாலைப்பொழுதுதான் நினைவுக்கு வரும். 1863 ஜூலை 2 அன்று கெட்டிஸ்பர்க்கில், லிட்டில் ரவுண்ட் டாப் குன்றின் சரிவில், தோட்டாக்கள் தீரும் நிலையில் இருந்த 20ஆம் மெய்ன் படைப்பிரிவு துப்பாக்கிமுனைக் கத்திகளோடு கீழ்நோக்கிப் பாய்ந்தது. அதை நடத்தியவர் போடின் கல்லூரிப் பேராசிரியர். அந்தப் பாய்ச்சலின் பெருமை யாரைச் சேரும் என்பதில் அவருடைய படை அதிகாரி எல்லிஸ் ஸ்பியரே பின்னாளில் மாறுபட்டார். எதிரே நின்ற 15ஆம் அலபாமா பிரிவின் வில்லியம் ஓட்ஸ், தாம் ஏற்கெனவே பின்வாங்கச் சொல்லிவிட்டதாக எழுதினார். அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. 1867 முதல் 1871 வரை ஓராண்டுத் தவணைகள் நான்கில் மெய்ன் மாநில ஆளுநராக இருந்த இவரது அரசியலைப் போர்க்கள வீரத்தைக் கொண்டு விளக்க முற்படுவதே பிழை என்பது என் கருத்து. எழுதப்பட்ட சட்டத்துக்கு அவர் காட்டிய வளையாத பணிவே அதற்குத் திறவுகோல். அந்தப் பணிவுக்கு மெச்சத்தக்க முகமும் உண்டு, கொடிய முகமும் உண்டு.

கொடிய முகத்தை முதலில் பார்ப்போம். 1867இல் ஆபர்ன் அருகே இரண்டு பெண்கள் கொல்லப்பட்ட வழக்கில், போருக்குப் பின் தெற்கிலிருந்து வந்த முன்னாள் அடிமையான கிளிஃப்டன் ஹாரிஸ் என்ற கறுப்பின இளைஞருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர் கூட்டாளி என்று சுட்டிய வெள்ளையரும் முதலில் தண்டிக்கப்பட்டு, பிறகு விடுவிக்கப்பட்டார். மெய்ன் சட்டப்படி ஆளுநர் கையொப்பமிட்டு ஆணை பிறப்பித்தால்தான் தூக்கு; ஆகவே ஆளுநர்கள் பலர் கையொப்பமிடாமலே காலத்தைக் கடத்திவந்தார்கள். இந்த வழக்கம் சேம்பர்லினுக்கு ஒப்பவில்லை. மக்களுக்குத் தூக்குத் தண்டனை வேண்டாமென்றால் சட்டமன்றம் அதை நீக்கட்டும், நீக்காதவரை நிறைவேற்றுவது ஆளுநரின் கடமை என்பது அவர் நிலை. எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாமல் கையொப்பமிட்டார். 1869 மார்ச்சில் ஹாரிஸ் தூக்கிலிடப்பட்டார். வாதம் தர்க்கத்தில் பிசகாதது. ஆனால் கருணைக்கென்று சட்டமே திறந்துவைத்திருந்த கதவை அவர் கடமையின் பெயரால் அடைத்துவிட்டார்.

இதே மனம்தான் பதினோர் ஆண்டுகளுக்குப் பின் மாநிலத்தை இரத்தக் களரியிலிருந்து காத்தது. ஆளுநர் வேட்பாளர் யாரும் பெரும்பான்மை பெறாவிட்டால் சட்டமன்றமே ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் என்பது அன்றைய விதி. 1879 செப்டம்பர் தேர்தலில் அதுவே நேர்ந்தது. சட்டமன்றம் யார் கையிலோ, ஆளுநர் பதவியும் அவர்கள் கையில். வாக்கு முடிவுகளைச் சரிபார்க்கும் பொறுப்பிலிருந்த ஜனநாயகக் கட்சி ஆளுநர் அலோன்சோ கார்சிலனும் அவரது ஆலோசனைக் குழுவும், பெயர் முழுமையாக எழுதப்படாமல் முதலெழுத்தோடு இருக்கிறது என்பன போன்ற குறைகளைக் காட்டிப் பல ஊர்களின் முடிவுப் பத்திரங்களைத் தள்ளினார்கள். குடியரசுக் கட்சியின் வெற்றி எதிரணிக் கூட்டணியின் வெற்றியாக மாறியது. தலைநகர் அகஸ்டாவில் ஆயுதம் ஏந்திய கூட்டங்கள் திரண்டன. பதவிக்காலம் முடியும் தறுவாயில் கார்சிலன், மாநிலப் படையின் மேஜர் ஜெனரலான சேம்பர்லினிடம் பொதுச் சொத்துகளையும் நிறுவனங்களையும் காக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். ஆளுநர் இல்லாத மாநிலத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு நாட்கள் அதிகாரமெல்லாம் அவர் ஒருவரிடமே இருந்தது. அவர் படையைத் திரட்டவில்லை. கார்சிலன் வரவழைத்திருந்த ஆயுதக் காவலரை அனுப்பிவிட்டு நகரக் காவலரை நிறுத்தினார். தற்காலிக ஆளுநர் நானே என்று வந்த எதிரணியின் லாம்சனை ஏற்கவில்லை. தம் கட்சிக்காரர்கள் நெருக்கியபோதும் மசியவில்லை. கொல்ல வந்த கூட்டத்தின் முன் மேலங்கியைத் திறந்து மார்பைக் காட்டினார் என்ற கதை பின்னாளைய விவரிப்புகளில் வருவது. அதன்மேல் நான் வாதத்தைக் கட்ட மாட்டேன். மாநில உச்ச நீதிமன்றத்தின் முடிவுக்காக அவர் காத்திருந்தார் என்பதே போதிய சான்று. தீர்ப்பு வந்ததும், சட்டமன்றம் தேர்ந்தெடுத்த டேனியல் டேவிஸிடம் ஜனவரி 17 அன்று பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகினார்.

தீர்ப்பு அவருடைய சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சிக்கே சாதகமாக வந்தது, ஆகவே இந்த நடுநிலைமை அவருக்கு எந்த இழப்பும் தராதது என்று ஒருவர் மறுக்கலாம். காலவரிசை இதற்கு இடம் தரவில்லை. தீர்ப்புக்கு முன்பே, அகஸ்டாவிலேயே வசித்த கட்சியின் பெருந்தலைவர் ஜேம்ஸ் பிளெய்னின் விருப்பத்துக்கு மாறாக அவர் நின்றார். 1881இல் அமெரிக்க செனட்டில் மெய்னுக்குரிய இரு இடங்களும் புதியவர்களுக்குக் கிடைத்தன. இரண்டில் ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. இயல்பிலேயே பொறுமைசாலி என்பதாலேயே அப்படி நடந்துகொண்டார் என்ற விளக்கமும் நிற்காது. போடின் கல்லூரித் தலைவராக இராணுவப் பயிற்சியைக் கட்டாயமாக்கி, 1874இல் மாணவர்கள் மறுத்தபோது அவர்களைக் கூண்டோடு வீட்டுக்கு அனுப்பியவர் அவர். அங்கே விதி அவருடையது, பணிய வேண்டியவர் பிறர். அகஸ்டாவில் விதி பிறருடையது, பணிய வேண்டியவர் அவர். இரண்டு இடத்திலும் விதி பிசகக் கூடாது என்றே நின்றார்.

வரலாற்று நூல்கள் அகஸ்டாவைப் பக்கம் பக்கமாக எழுதி, ஹாரிஸை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. அப்படிப் பிரித்துப் படிப்பது நேர்மையாகாது. 1880இல் மெய்ன் மாநிலத்துக்கு உயிர் கொடுத்த அதே பணிவுதான் 1869இல் ஓர் இளைஞரின் உயிரை எடுத்தது. சேம்பர்லினைப் புகழ்பவர் இரண்டையும் அவர் கணக்கிலேயே எழுத வேண்டும்.